அறவாரியத்தில் சர்வர் நின்றதில்லை

எங்கள் அறவாரியத்தில் சர்வர் ஒரு நாளும் நின்றது கிடையாது. இது என் சொந்தக் கருத்து இல்லை. ஈப்போ அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வரவேற்பறைச் சுவரில் நான்கடி அகலத்துக்கு ஒரு பலகை தொங்கும். ‘தடையற்ற சேவை: 2,053 நாள்’ என்று அதில் எழுதியிருக்கும். எண்கள் மட்டும் கழற்றி மாட்டுகிற தகடுகள். நான் சொல்லப் போகிற விஷயம் அந்த 2,053-ஆம் நாளில் தொடங்குகிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டரைக்கு ஊழியர்கள் இருபத்தாறு பேரும் பலகைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்போம். தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் சொக்கநாதன் நாற்காலி மேல் ஏறி, ஏழு நாளைக் கூட்டித் தகடு மாற்றுவார். கைதட்டுவோம். ‘நம்பகம் நம் உயிர்’ என்று மூன்று தடவை உறுதிமொழி சொல்வோம். என் அம்மா இருளாயி சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் விடிகாலைப் பெரட்டு வரிசையில் நின்றவள். அங்கேயாவது கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும் ஆட்களை வேலைக்கு அனுப்பிவிடுவார். இங்கே பத்து மணி வரை பேசுவார்கள்.

என் பேர் சாந்தினி. பதவி ‘தொழில்நுட்ப உதவியாளர், தற்காலிகம்’. தற்காலிகமாக ஆறு வருஷம் இருந்தேன். அந்த சர்வரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவள் நான்தான். அதைத் தொடத் தெரிந்த ஆளும் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். சொக்கநாதனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அவர் அறையில் பதினான்கு சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கின்றன. எல்லாம் கருத்தரங்குகளில் கலந்துகொண்டதற்குக் கொடுத்தவை.

அறவாரியத்தின் வேலை, தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய குடும்பங்களுக்கு வீடு கொடுப்பது. சிலிம் ரிவருக்கு வெளியே அறுபத்து நான்கு வீடுகள் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஜன்னல் உயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்து நின்றது. சாவிகள் எங்கள் அலுவலக அலமாரியில் கொக்கி கொக்கியாகத் தொங்கின. யாருக்கு எந்த வீடு என்று கணினி மூலம் குலுக்கல் நடந்து, முடிவு சர்வருக்குள் இருந்தது. குடும்பத்தார் எங்கள் வெப்சைட்டில் போய்த் தங்கள் கடிதத்தைத் தாங்களே அச்செடுத்து வர வேண்டும். கணினிக் குறியீடு போட்ட அந்தக் கடிதம் இல்லாமல் சாவி கிடையாது. அப்படித்தான் விதி எழுதியிருந்தார்கள்.

வெப்சைட் ஆகஸ்ட் மாதம் தொங்கிப் போனது. தோட்டத்தை வாங்கிய கம்பெனி நவம்பர் முப்பதாம் தேதி தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடிப்பதாக அறிவிப்பு ஒட்டிவிட்டது. அந்த லயத்தில்தான் என் அம்மா இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தோட்டத்து மூன்றாம் டிவிசன் ஆட்கள் வேன் பிடித்து ஈப்போவுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் என் அம்மா. கவுண்டரில் இருந்தவர் கலாதேவி அக்கா.

“வெப்சைட்டு தெறக்கலம்மா. லட்டர எப்படித்தான் எடுக்கறது?” என்று அம்மா கேட்டாள்.

“சிஸ்டம் ஸ்லோ லா. அடுத்த வாரம் வாங்க.”

“போன வாரமும் போன்ல அதான் சொன்னீங்க.”

“அது போன வாரம்மா. இது இந்த வாரம்.”

அம்மா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே சொக்கநாதன் அறைக்குப் போனேன்.

“சார், வெப் சேவைய மட்டும் எழுப்பிப் பாத்துட்டேன், எழல. மெஷினையே ஒரு தடவ நிறுத்தி ஏத்தணும். பத்து நிமிஷந்தான்.”

அவர் என்னை ஏதோ கொலைக்கு ஆள் கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நிறுத்தினா பலகையில என்னா போடறது?”

“பூஜ்யம் சார்.”

“சாந்தினி, சர்வர் ஓடுது லா. வெப்சைட்டுதான் வரல. ரெண்டும் வேற வேற. இதுகூடத் தெரியலன்னா நீ எப்படி சர்வர் பாக்கற?”

ஆனாலும் அவர் நியாயமானவர் என்று காட்ட விஷயத்தை நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார். குழு நான்கு வாரம் கழித்துக் கூடியது. தலைவர் டத்தோ சதாசிவம் எழுந்து பேசினார். அவர் பேசியதை நானே குறிப்பெடுத்தேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

“நண்பர்களே, வெப்சைட் திறக்கவில்லை என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். மக்கள் இன்று வருவார்கள், நாளை வருவார்கள், வரச் சொன்னால் மறுபடியும் வருவார்கள். ஆனால் 2,081 நாள் திரும்பி வருமா? ஒரு குடும்பம் வீட்டுக்குள் போகவில்லை என்பதால் நமக்கு எந்த விருதும் குறையப் போவதில்லை. சர்வர் ஒரு நிமிடம் நின்றால் குறையும். போன வருடம் சிறந்த நம்பக நிறுவன விருது வாங்கினோம். அதை யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். நாமேதான் கொடுத்துக்கொண்டோம். நம்மை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வருகைப் பதிவேட்டில் கைதட்டியவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. கூட்டத்தின் முடிவாக, இப்படி ஒரு யோசனை வந்ததற்குக் காரணம் ஊழியர்களின் திறன் குறைவுதான் என்று கண்டுபிடித்து, எனக்குத் தகுதித் தேர்வு வைக்கத் தீர்மானம் போட்டார்கள். எனக்கு மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது என்று காவலாளிக்கும் டத்தோவின் கார் ஓட்டுநருக்கும் சேர்த்தே வைத்தார்கள்.

முதல் கேள்வி, சர்வர் என்றால் என்ன? நான் அரைப்பக்கம் எழுதினேன். சரியான விடை ‘அறவாரியத்தின் பெருமை’. இரண்டாம் கேள்வி, சர்வர் தொங்கினால் முதலில் செய்ய வேண்டியது யாது? பதிவுகளைப் பார்த்து, காரணம் கண்டு, நிறுத்தி ஏற்ற வேண்டும் என்று எழுதினேன். சரியான விடை ‘பலகையில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது’. செய்முறைத் தேர்வில் நாற்காலி மேல் ஏறித் தகடு மாற்றிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு எட்டவில்லை. நூற்றுக்கு முப்பத்தொன்று கொடுத்தார்கள். கார் ஓட்டுநர் தொண்ணூற்றாறு வாங்கினார். நல்ல உயரம் அவர்.

அடுத்த வாரம் சர்வரில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தது. அதில் எட்டு டிஸ்க் இருக்கின்றன. ஒன்று செத்தால் மற்ற ஏழும் சமாளித்துக்கொள்ளும். அதற்குள் புதுசு மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் விட்டு இரண்டாவதும் செத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். செத்த டிஸ்க்கின் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. புது டிஸ்க் கேட்டு எழுதினேன். பொருள் வாங்கும் படிவமான போராங்கில் ‘பழுதின் விவரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பினால் பழுது என்று ஒன்று பதிவாகிவிடும் என்பதால் போராங் திரும்பி வந்தது. நிரப்பாமல் அனுப்பினேன். நிரப்பவில்லை என்று திரும்பி வந்தது.

அப்புறம் ஆயுத பூசை. பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று சர்வர் அறையைக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள். கழுவ வேண்டாம் என்று கெஞ்சி, துடைப்பதோடு நிறுத்தினேன். கற்பூரம் காட்டினால் புகைக் கருவி கத்தும் என்றேன். சொக்கநாதன் அதற்குப் பிளாஸ்டிக் பை கட்டச் சொன்னார். பூசை நடக்கும்போது அவர் கண்ணில் அந்தச் சிவப்பு விளக்கு பட்டது.

“என்னா இது, கண்ண உறுத்துது?”

“அதான் சார் நான் சொன்னது. டிஸ்க் போயிருச்சு.”

அவர் சந்தனத்தைக் குழைத்து அந்த விளக்கின் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது என்று எட்டு விளக்குக்கும் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வடை கொடுத்தார்கள்.

மறுநாள் நான் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனபோது பின்னாலேயே வந்துவிட்டார்.

“பூசை பண்ண குங்குமத்த அழிக்கிறியா? ஒரு பொம்பள செய்யற வேலையா இது? நல்லதுக்கா?”

எனக்கு அந்த இடத்திலேயே அவர் மூக்கில் சந்தனம் அப்ப வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுப் பட்டியல் முழுவதையும் ஒரு கையடக்க டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அலுவலகத்தில் ஏற்கெனவே நகல் எடுக்கும் முறை ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். டேப் மெஷின் கெட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று அதிகாரிகள் கூடி, அதே டேப்பின் மேல் புது ஒட்டுத்தாளை ஒட்டி, மூவரும் கையெழுத்துப் போட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்.

நான் நகல் எடுத்தது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘அறவாரியத்தின் சர்வர் மீது நம்பிக்கையின்மை காட்டும் வகையில் தாங்கள் நகல் எடுத்தது ஒழுங்கீனமாகும். அந்த நகல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அலுவலக வளாகத்திலிருந்து அகற்றப்பட வேண்டும்.’ கீழே சொக்கநாதனின் கையெழுத்து. கடிதத்துக்குக் கீழ்ப்படிந்து அன்று சாயங்காலமே அகற்றினேன். சிலிம் ரிவருக்குப் போய் அம்மாவின் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அகற்றிவிட்டதாகப் பதிலும் எழுதினேன். மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘நம்பிக்கையின்மை’ என்று ஒரே சொல் இருந்தது.

ஆறு வருஷம் உழைத்த இடம். குனோங் ராபாட்டில் என் வாடகை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் வீணாக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து, அந்த நகல் டிஸ்க்கிலிருந்து சர்வரை மீட்கும் வழிமுறையைப் பதினேழு பக்கத்துக்குச் சுத்தமாக எழுதி வைத்தேன். என்றைக்காவது கேட்பார்கள் என்று தெரியும்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி கலாதேவி அக்கா கூப்பிட்டார்.

“சாந்தினி, இங்க ஒரே காச்சாவ், எல்லாம் தலகீழாக் கெடக்கு. பதினெட்டாம் தேதி கேஎல்லேருந்து துணையமைச்சர் வாராரு, சாவி எடுத்துக் கொடுக்க. அட்டையெல்லாம் அடிச்சாச்சு. லட்டர் அறுவத்து நாலும் பிரிண்ட் எடுக்க சொக்கநாதன் சாரே உள்ள போனாரு. ஒண்ணுமே இல்லயாம் உள்ள.”

இரண்டாவது டிஸ்க் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு விளக்கிலும் குங்குமம் அப்படியே இருந்தது. அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தார்களாம். மூன்று வருஷத்து ஒட்டுத்தாள் கனத்து, இரவல் வாங்கி வந்த மெஷினுக்குள் அது நுழையவே இல்லையாம். ஒவ்வொரு தாளாக உரித்து நுழைத்தபோது அதற்குள்ளும் ஒன்றும் இல்லை.

“டத்தோ என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“அவசரக் கூட்டம் போட்டாங்க. சொக்கநாதன் சார் எந்திரிச்சு, ‘டேட்டாதான் போச்சு டத்தோ, சர்வர் நிக்கல’ன்னாரு. டத்தோ அதைக் குறிப்புல ஏத்தச் சொன்னாரு. 2,137 நாள்னு கைதட்டினோம்.”

சாயங்காலம் சொக்கநாதனே கூப்பிட்டார்.

“அந்த நகல் எங்க சாந்தினி?”

“அகற்றிட்டேன் சார். நீங்கதானே கடிதம் போட்டீங்க.”

“எங்க அகற்றின?”

“எங்கம்மா வீட்டு அலமாரியில.”

“அது அறவாரியத்தோட சொத்து! நாளைக்கே ஆபீசுக்குக் கொண்டாந்துடு.”

“வளாகத்துக்குள்ள இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு சார். ஓங்க கையெழுத்து. வேணும்னா நீங்க வாங்க. வரும்போது அறுவத்து நாலு சாவியும், வெறும் லட்டர்தாளும், டத்தோவும் வரணும்.”

சனிக்கிழமை வந்தார்கள். டத்தோவின் பெரிய கார் செம்மண் பாதையில் அடிபட்டு, லயத்துக்கு முன்னால் நின்றது. மூன்றாம் டிவிசன் முழுக்க அங்கே இருந்தது. அம்மா கோயில் மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு வைத்திருந்தாள். மேலே ஜிங்க் கூரை. மணி பதினொன்று. காற்றாடி இருந்தது, அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

“இருளாயிம்மா, டிஸ்க்கக் குடுங்க. நாங்க போயி பிரிண்ட் எடுத்து அனுப்பறோம்” என்றார் டத்தோ.

“எவ்வளவு நாளாவுங்க ஐயா?”

“ஒரு வாரத்துல.”

“ஒரு வாரம், ஒரு வாரம்னு ஆகஸ்டுலேருந்து வந்துக்கிட்டு இருக்கோம். இங்கயே எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. சாவியக் குடுங்க. அப்புறம் டிஸ்க்க எடுத்துக்குங்க.”

“கையால எழுதினா விதிப்படி செல்லாது” என்றார் சொக்கநாதன்.

நான் மடிக்கணினியில் டிஸ்க்கைச் செருகிவிட்டுச் சொன்னேன். “காரணம் எழுதினா செல்லும் சார். விதிமுறை ஒம்பது, உட்பிரிவு ரெண்டு. நீங்க எழுதினதுதான். ஒவ்வொரு லட்டர்லயும் கடைசியில ஒரு வரி வரணும். ‘சர்வர் நின்றுவிட்டதால் இக்கடிதம் கையால் எழுதப்படுகிறது.’ பிரிவுத் தலைவர் கைப்பட எழுதணும்.”

“சர்வர் நிக்கல!”

“அப்ப போயி பிரிண்ட் எடுங்க சார்.”

டத்தோ என்னைப் பார்த்தார். சாவிக் கொத்தைப் பார்த்தார். பதினெட்டாம் தேதியை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

“எழுதுய்யா” என்றார்.

நான் பேரையும் வீட்டு எண்ணையும் வாசித்தேன். சொக்கநாதன் எழுதினார். ஐந்தாவது கடிதத்தில் கையை உதறினார். பத்தாவதில் டையைக் கழற்றினார். பதினாறாவதில் அந்தக் கடைசி வரியை எழுதாமல் டத்தோவிடம் தள்ளப் பார்த்தார். அம்மா குறுக்கே கை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“இதுல அந்த வரி இல்லயே தம்பி.”

எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா வாங்கி, கடைசி வரியை உரக்க வாசித்த பிறகுதான் உரியவரிடம் கொடுத்தாள். சர்வர் நின்றுவிட்டதால், சர்வர் நின்றுவிட்டதால் என்று சாயங்காலம் ஐந்து மணி வரை நாற்பத்தொன்பது தடவை அந்த மண்டபத்தில் கேட்டது. ஒரு மணிக்குச் சொக்கநாதன் சாப்பாட்டுக்கு எழுந்தார். முன்வரிசையில் இருந்த ஐயாவு மாமா, “கவுண்டர மூடாதீங்க சார், கூட்டம் நிக்குது” என்றார். உட்கார்ந்துகொண்டார். எனக்கு இரக்கம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நாற்பத்தொன்றாவது கடிதத்தில் ‘இருளாயி, வீட்டு எண் 41’ என்பதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

எல்லாம் முடிந்ததும் அம்மா டிஸ்க்கைக் கொடுத்தாள். நான் அந்தப் பதினேழு பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். சொக்கநாதன் முதல் பக்கத்தைத் திருப்பினார், இரண்டாவதைத் திருப்பினார். பிறகு டத்தோவின் காதில் ஏதோ சொன்னார்.

“அம்மா சாந்தினி, நடந்தது நடந்துபோச்சு” என்றார் டத்தோ. “திங்கட்கிழமையே வந்துடு. நிரந்தர வேலையாவே போட்டுத் தாரேன். இதையெல்லாம் செய்ய ஆளில்ல.”

“நான் தகுதித் தேர்வுல தோத்தவ டத்தோ. முப்பத்தொண்ணு மார்க்கு. ஓங்க காடி ஓட்டறவரு தொண்ணூத்தாறு. அவரு செய்வாரு.”

ஓட்டுநர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த வார இறுதியிலேயே லயத்துச் சாமான்கள் லாரி லாரியாகப் போய்ச் சேர்ந்தன. பதினெட்டாம் தேதி துணையமைச்சர் வந்தபோது எடுத்துக் கொடுக்க ஒரு சாவியும் மிச்சமில்லை. அறுபத்து நான்கு வீட்டிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. படமாவது எடுக்க வேண்டுமே என்று பரிவாரத்தோடு தெருத்தெருவாக நடந்து, நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு வந்தார்கள். டத்தோ, துணையமைச்சர், கையில் ரிப்பனும் கத்தரிக்கோலுமாகச் சொக்கநாதன், நான்கு படக்காரர்கள். நல்ல வெயில். நான் உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சொக்கநாதன் இரும்புக் கதவைத் தள்ளினார். அது பூட்டியிருந்தது.

“இருளாயிம்மா, கொஞ்சம் தெறங்க. உள்ள வந்து ஒரு படம் எடுத்துக்கறோம்.”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“வீடு என் பேருல இருக்கு தம்பி. கேட்டுட்டுத்தான் வரணும்.”

“அதான் கேக்கறோம் லா.”

“இருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அது அணைந்திருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே ஒரு டம்ளர் தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தாள். அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.